நேரில் வந்து சொன்னவர்கள்

வெள்ளியம்புதூரில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, டீயும் போண்டாவும் கொடுத்தாலும் வந்து உட்காருகிறவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்களும் கட்சிக்காரர்களும்தான். பேச வேண்டியவர்கள் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார்கள்.

இப்போது அந்தச் சிரமம் கிடையாது. ஊரில் ஓட்டுரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் நகராட்சியில் ஒரு பிரதி இருக்கிறது. ஒருவர் போனில் பேசுவது, கடையில் வாங்குவது, பஸ்ஸில் போய்வருவது, குழுக்களில் அனுப்பும் குரல் செய்திகள், தண்ணீர் வரவில்லை என்று கொடுத்த புகார்கள், எல்லாவற்றையும் சேர்த்து, அவரைப் போலவே யோசித்து அவரைப் போலவே பதில் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சாக்கடை வெட்ட வேண்டுமா, சந்தையை இடம் மாற்ற வேண்டுமா, பிரதிகளிடம் கேட்டால் போதும். டீ ஆறுவதற்குள் ஊரே பதில் சொல்லிவிடும்.

பள்ளிக்கூட முக்கை மாற்றி அமைத்ததும் அப்படிக் கேட்டுத்தான்.

நான்கு ரோடுகள் கூடும் இடம் அது. ஒரு பக்கம் அரசு மேல்நிலைப்பள்ளி, எதிரே பனியன் கம்பெனிகளுக்குப் போகும் ரோடு. சிக்னல் இருந்த காலத்தில் காலை நேரத்தில் அந்த இடம் நரகமாக இருக்கும். கடந்த கோடை விடுமுறையில் சிக்னலைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டிகள் எல்லாம் தாமாக ஓடுகிறவை ஆகிவிட்டதால், கம்பத்தில் இருக்கும் கண்கள் அவற்றோடு பேசி, ஒன்றையும் நிறுத்தாமல், ஒன்றுக்கொன்று உரசாமல் நான்கு பக்கமும் ஓட விட்டன. நடந்து போகிறவர்கள் மஞ்சள் கட்டத்தில் போய் நிற்க வேண்டும். வண்டிகளுக்கு நடுவே ஒரு திறப்பு உண்டாகும். தரையில் பச்சை விளக்கு பாதையாக எரியும். அதன் வழியே நடந்து அக்கரைக்குப் போய்விட்டால், பின்னால் திறப்பு மூடிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் அதற்கு 'நிக்காத முக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

கோகிலவாணிக்கு அந்த முக்கு பிடித்திருந்தது. அவள் சிவசாமியின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். சிக்னல் போன பிறகு அவள் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. அவள் மகள் நேத்ரா அதே முக்கைத் தாண்டித்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்வந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், நேத்ரா தோழிகளோடு பச்சை விளக்கில் நடந்துகொண்டிருந்தபோது, அவர்களில் ஒருத்தியின் டிபன் பாக்ஸ் பையிலிருந்து நழுவி ரோட்டில் உருண்டது. நேத்ரா திரும்பி ஓடிப்போய்க் குனிந்தாள். பச்சைப் பாதையில் இறங்குகிறவர்கள் முன்னே போவார்கள் என்று முக்குக்குத் தெரியும். திரும்பி வருவார்கள் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சரக்கு வண்டி பிரேக் போட்டது. ஆனால் ரோடு ஈரமாக இருந்தது.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. திறப்பு சரியாகத்தான் திறந்தது, சரியாகத்தான் மூடியது, வண்டியிலும் குறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரே வந்து அழுதது. அடுத்த வீட்டு லோகநாயகி அக்கா, முக்குக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறவள், காரியம் முடியும் வரை அடுப்பை அணைத்துவிட்டு கோகிலாவின் தலைமாட்டிலேயே கிடந்தாள். சிவசாமி வாசலில் நின்று, “இந்த முக்கு நாசமாப் போகோணும். சிக்னல் இருந்திருந்தா எம்புள்ள மாதிரி இருந்தவளப் பறிகுடுத்திருப்பமா?” என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கோகிலாவின் கணவன் கதிரேசன் மட்டும் கொல்லைப்புறத்தில் இருந்தான். அவன் மகளின் செருப்பைக் கழுவிக் காயவைத்தான். காய்ந்ததும் மறுபடியும் கழுவினான்.

காரியம் முடிந்த மறுவாரம் கோகிலா நகராட்சிக்குப் போனாள். முக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் அருள்பிரகாசம் என்ற இளைஞனிடம் அனுப்பினார்கள். பிரதிகள் பிரிவு அவன் பொறுப்பில் இருந்தது. அவளைப் பார்த்ததுமே எழுந்து நின்றான்.

“உக்காருங்க்கா. நான் ஊட்டுக்கு வந்திருந்தேனுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

“அந்த முக்க இப்பிடிப் பண்ணுனது யாருங்க தம்பி? யாரக் கேட்டுப் பண்ணுனீங்க?”

“ஊர்ல எல்லார்த்தையும் கேட்டுத்தானுங்க்கா.”

“என்னையக் கேக்கல.”

அவன் மேஜையைப் பார்த்தான். “உங்களையும் கேட்டமுங்க.”

கோகிலாவுக்குப் பிரதிகளைப் பற்றித் தெரியாமல் இல்லை. ஆனால் தனக்கென்று ஒன்று அங்கே உட்கார்ந்து வாய் திறந்து பேசும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

“அத நான் பாக்கோணும்.”

“பாக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குதுங்க. ஆனா வேண்டாமுங்க்கா. அது சித்திரை மாசம் புதுப்பிச்சது. அதுக்கப்பறம் நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது.”

“பரவால்ல. காட்டுங்க.”

சின்ன அறை. ஒரு நாற்காலி, சுவரில் ஒரு ஒலிபெருக்கி. உருவம் எதுவும் இல்லை. அருள்பிரகாசம் ஏதோ அழுத்தியதும் அவளுடைய குரலே வந்தது. குரல் செய்தியில் கேட்கும்போது அவளுக்கே பிடிக்காத அந்தக் கீச்சுக் குரல்.

“சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க. கம்பெனிக்கு நேரமாவுது.”

அருள்பிரகாசம்தான் கேட்டான். “பள்ளிக்கூட முக்குல சிக்னல எடுத்தர்லாமான்னு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“தாராளமா எடுங்கன்னு சொன்னேன். அங்க நின்னு நின்னே எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. லேட்டாப் போனா அந்த சூப்பர்வைசர் பாக்கற பார்வைய நீங்க ஒருக்கா வாங்கிப் பாருங்க, தெரியும்.”

“அப்ப புள்ளைங்க?” என்றாள் கோகிலா.

“அதையும்தான் கேட்டாங்க. புள்ளைங்களுக்கு நம்மளவிட வெவரம் ஜாஸ்தி. பச்சை எரிஞ்சா போவாங்க, இல்லீனா நிப்பாங்க. எம்புள்ளயெல்லாம் கண்ண மூடிட்டே போயிட்டு வந்துருவா.” குரல் கொஞ்சம் நின்றது. “யாருங்க பேசறது? எங்க சொந்தத்துல ஆராச்சுமா? கொரல் அப்பிடியே இருக்குது.”

கோகிலா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“நேத்ராவப் பாத்தீங்களா? இன்னிக்கி டியூசன் இல்ல, நேரத்துல வந்துருவா. மேல அடுக்குல முறுக்கு இருக்குதுன்னு சொல்லுங்க. நான் சொல்லாம எடுத்துத் திங்கமாட்டா.”

அருள்பிரகாசத்தின் கை தானாகவே சுவிட்சுக்குப் போயிற்று. ஆனால் அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அமத்திருங்க தம்பி,” என்றாள் கோகிலா. “அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

வெளியே வந்து நெடுநேரம் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பேசினாள்.

“அவ பொய் சொல்லல. நான் அன்னிக்கி அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். ஆனா எங்கிட்ட நேர்ல வந்து கேட்டிருந்தீங்கன்னா, நேத்ரா எம்பக்கத்துல நின்னிருப்பா. புள்ளைங்க என்ன ஆகும்னு நீங்க கேக்கறப்ப நான் அவ மூஞ்சியப் பாத்திருப்பேன். பாத்துட்டு அப்பிடிச் சொல்லியிருப்பனா?”

“தெரியிலீங்க்கா.”

“எனக்குத் தெரியும். மனுசங்களக் கேளுங்க தம்பி. மூஞ்சியப் பாத்துக் கேளுங்க.”

அதற்கு வழி இருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டால் நேரடிக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதி உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை. அருள்பிரகாசம் அதைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தயங்கினான்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விபத்து நடந்தா பிரதிங்ககிட்ட மறுபடியும் கேக்கறது வழக்கமுங்க. இன்னிக்கி வரைக்கும் புதுப்பிச்சு, நடந்ததச் சொல்லி, இப்ப என்ன சொல்றீங்கன்னு கேப்போம். அந்த வேலைய ஆரம்பிச்சாச்சு. அது முடியற வரைக்கும் பொறுத்துப் பாருங்களே.”

“அந்தப் பொம்மைங்ககிட்டயா?”

“நேர்ல கேட்டுட்டா, அதுக்கப்பறம் பிரதிங்க சொன்னது செல்லாதுங்க்கா. நேர்ல சொல்றதுதான் கடைசி. அஞ்சு வருசத்துக்கு மறுபடியும் அந்த விசயத்த எடுக்க முடியாது.”

“அதுதான் எனக்கு வேணும்,” என்று சொல்லி அவன் காட்டிய இடத்தில் கோகிலா விரலை வைத்து அழுத்தினாள். “எங்கூரு சனத்த உங்களுக்குத் தெரியாது.”

அன்று முதல் அவள் வீடு வீடாகப் போனாள். கம்பெனியில் சிவசாமியே விடுப்புக் கொடுத்தார். ஒரு வீட்டில்கூட அவளை வாசலோடு அனுப்பவில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ சொல்லோணுமா கோகிலா? வந்தர்றோம்,” என்றார்கள். லோகநாயகி அக்கா, “நான் முன்வரிசையில வந்து உக்காந்துக்கறேன் பாரு,” என்றாள். பள்ளித் தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் பள்ளி அரங்கையே கூட்டத்துக்குத் திறந்துவிடச் சம்மதித்தார். நேத்ரா போன பிறகு முதன்முறையாகக் கோகிலா ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. உண்மையாகவே ஊர் வந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் ஜன்னல் ஓரமெல்லாம் நின்றார்கள். கோகிலாவும் கதிரேசனும் மேடைக்குக் கீழே பக்கவாட்டில், எல்லோரையும் பார்த்தபடி உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். கோகிலா கேட்டு வாங்கிய இடம் அது.

அருள்பிரகாசம் விஷயத்தைச் சொன்னான். பழையபடி சிக்னல் வைக்கலாம். அல்லது முக்கை இருக்கிறபடியே விடலாம். பேச விரும்புகிறவர்கள் பேசிவிட்டு, கடைசியில் கை தூக்க வேண்டும்.

முதலில் கோகிலா பேசினாள். அதிகம் பேசவில்லை. “எம்புள்ள மாதிரி இன்னொரு புள்ள திரும்பிப் பாக்கும். திரும்பிப் பாக்கறதுதான் புள்ளைங்க கொணம். அது வண்டிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அரங்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அடுத்து சிவசாமி எழுந்தார். நல்ல சொற்களாகவே பேசினார். அந்தக் குழந்தையைத் தன் மடியில் வைத்துக் காது குத்தியதைச் சொன்னார். சொல்லும்போது உண்மையாகவே வந்த கண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, “ஆனா ஒண்ணு யோசிக்கோணும். சிக்னல் இருந்தப்ப இங்க அடிபட்டவங்க எத்தன பேரு? அதையும் மறந்தரக் கூடாது. அன்னிக்கி மழை. மழை வராம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஆர் மேலயும் தப்பு இல்ல. விதி. அதுக்காக ஒட்டுமொத்த ஊருக்கும் காலைல வழிய அடைக்கறது நேத்ராவுக்கே பிடிக்குமான்னு எனக்குத் தெரியல,” என்றார்.

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் அதில் கால் வைத்து ஏறிக்கொண்டார்கள்.

“ஆம்புலன்ஸ் இப்ப நிக்காமப் போகுதுங்க. அதுல எத்தன உசுரு பொழைச்சிருக்கும், அத ஆரு எண்ணறாங்க?” என்றார் ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர். “புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணுமுங்க. கீழ விழுந்தா விழுந்துட்டுப் போகுது, திரும்பாதேன்னு,” என்றார் ஒரு தகப்பனார். அவர் மகளின் டிபன் பாக்ஸ்தான் அன்று உருண்டது. அது கோகிலாவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சிக்னல் வந்தா என்ற பொண்ணு ஷிப்டுக்கு மறுபடியும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கோணும். அவ வயித்துப்புள்ளக்காரிங்க,” என்று ஒரு பெண் எழுந்து சொல்லி, சொன்னதற்காகவே அழுதாள். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கோகிலாவால் தாங்க முடியாமல் இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் சிக்னல் வேண்டும் என்பவர்கள். கோகிலா தூக்கினாள். கதிரேசன் தூக்கினான். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ஜெசிந்தா டீச்சர் தூக்கினார். அங்கங்கே இன்னும் சில கைகள், பாதி உயரத்தில், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு.

“இருக்கிறபடி இருக்கட்டும் என்பவர்கள்?”

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு நடுவில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் எண்ணத் தேவையே இல்லாமல் போயிற்று. தூக்கியவர்களில் ஒருவரும் கோகிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்வரிசையில் லோகநாயகி அக்கா தலையைக் குனிந்துகொண்டு, சேலைத் தலைப்பை ஒரு கையால் வாயில் அழுத்தியபடி, இன்னொரு கையைத் தூக்கியிருந்தாள். முக்கில் வண்டிகள் நிற்காமல் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் மெஸ்ஸுக்குக் கம்பெனிகளின் மதியச் சாப்பாட்டு ஆர்டர் வந்தது. அது கோகிலாவுக்கும் தெரியும்.

கூட்டம் கலைந்தது. கதிரேசன் யாரிடமும் சொல்லாமல் எழுந்து நடந்து போனான். கோகிலா மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அருள்பிரகாசம் மைக்கைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்க. பிரதிங்ககிட்ட மறுபடியும் கேக்கறோம்னு. கேட்டீங்களா?”

அவன் கை நின்றது. “அது இப்பச் செல்லாதுங்க்கா.”

“செல்லாதுன்னு தெரியும். கேட்டீங்களா?”

“கேட்டமுங்க.” ஒயரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். “உங்களது ஒண்ண மட்டும் கேக்கல. கேக்கறதுக்கு முன்னால நடந்ததச் சொல்லோணுமே. எனக்கு வாய் வரல. மத்த எல்லார்த்தையும் கேட்டோம். வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு, ஆனா நீங்க வெரல் வெச்சப்பறம் கூட்டத்த நிறுத்த வழி இல்லீங்க.”

“என்ன சொன்னாங்க?”

அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“சிக்னல் வைக்கோணும்னு சொன்னாங்க்கா. பத்துக்கு எட்டுப் பேரு.”

கோகிலா அவனையே பார்த்தாள். அவளுக்கு அது உடனே உறைக்கவில்லை. வெறிச்சோடிய நாற்காலிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“இதே சனமா?”

“இதே சனந்தானுங்க.”

“அப்ப அது தப்பு. பிரதி தப்பாச் சொல்லியிருக்குது.”

“நானும் அப்பிடித்தான் நெனைச்சேன். ரெண்டு தடவ சரிபாத்தேன், தப்பில்லீங்க.” அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல மெதுவாகப் பேசினான். “பிரதிக்கு நாளைக்குக் காலைல வேலைக்குப் போக வேண்டியதில்லீங்க்கா. பக்கத்துல உக்காந்திருக்கறவன் என்ன நெனைப்பான்னு பாக்க வேண்டியதில்ல. முதலாளி மொதல்ல எந்திரிச்சுப் பேசிட்டாரேன்னு இல்ல. உங்க ஊட்டுல வந்து அழுதாங்க பாருங்க, அந்த அழுகைய அது அப்பிடியே நெசம்னு எடுத்துக்கும். எடுத்துட்டு அதுலருந்து பதில் சொல்லும். அந்த அழுகையும் நெசந்தானே?”

“நீங்க அன்னிக்கே என்னைப் பொறுக்கச் சொன்னீங்க.”

“அன்னிக்கி எனக்கும் தெரியாதுங்க.”

“நான்தான் கேக்கல.”

அவன் ஒயரை மறுபடியும் கையில் எடுத்தான். கோகிலா அவன் பக்கம் திரும்பினாள். “லோகநாயகி அக்காவோடது இருக்குதா?”

“அடுத்தவங்களது காட்டக் கூடாதுங்க்கா.”

“செல்லாததுதானே?”

அருள்பிரகாசம் வாசலைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து அவளிடம் நீட்டினான். லோகநாயகியின் கரகரத்த குரல் வந்தது. மெஸ்ஸில் ஆட்களை விரட்டும் அதே அதட்டல்.

“இதெல்லாம் ஒரு கேள்வின்னு எங்கிட்டக் கேக்கறீங்களா? அந்தப் புள்ள என்ற கையில சோறு தின்னு வளந்தது. சிக்னல் வெச்சே ஆகோணும். என்ற யாவாரம் போனாப் போகுது, நான் வேற எடத்துல அடுப்பு மூட்டிக்கறேன். கோகிலாவ நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பாப்பேன்?”

கோகிலா அதை மறுபடியும் ஒருமுறை கேட்டாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

வீட்டு வாசலில் லோகநாயகி அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடி போட்ட தூக்குப் போசி. கூட்டம் முடிந்ததும் நேராக ஓடிப்போய் ஏதோ சமைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கோகிலாவைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது.

“ரசம் சோறு கொண்டாந்தேன். காலைலருந்து நீ ஒண்ணும் தின்னிருக்க மாட்டே.”

கோகிலா போசியை வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தது.

“எம்மேல கோவமா கோகிலா? திட்டறதுன்னா திட்டிப்போடு. இப்பிடிப் பேசாம நிக்காத.”

“கோவமெல்லாம் இல்லீங்க்கா. நீங்க நல்லாத்தான் பேசுனீங்க.”

லோகநாயகி திகைத்துப் போனாள். “நான் எங்க கண்ணு பேசுனேன்? நான் அங்க வாயே தொறக்கலியே.”

“இல்லீங்க்கா, பேசுனீங்க. எனக்காக நல்லாப் பேசுனீங்க,” என்றாள் கோகிலா. “நான் கேட்டேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.